ஹௌசால 'அ', 'டா', 'கா', 'டகா' எதை எங்க போடறது? டீக்கடைல மானம் போகுது

கணக்குப்புள்ள_கானோ எழுதுனது:

எல்லாருக்கும் வணக்கம். வேலைக்காக நைஜீரியால இருக்கற கானோ வந்து எட்டு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல இங்கிலீஷ் வச்சு ஓட்டிடலாம், ஆனா கேட்டைத் தாண்டினா எல்லாமே ஹௌசா தான், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுறவர், வாட்ச்மேன் எல்லாரும். அதனால கத்துக்கலாம்னு உக்காந்தேன். வார்த்தைங்க சீக்கிரம் வருது, வினைச்சொல்லும் தட்டுத்தடுமாறி வந்துருச்சு. இந்த முன்னாடி ஒட்டுற சின்னச் சின்ன சொல்லுங்க தான் உசுர வாங்குது.

நமக்கு எல்லாம் வார்த்தைக்குப் பின்னாடி தானே வரும், வீட்ல, வீட்டுக்கு, வீட்ல இருந்து, கத்தியால, அவரோட. இங்க எல்லாம் முன்னாடி. சரி, திருப்பிப் போட்டா முடிஞ்சதுன்னு நெனச்சு நோட்டுல ஒரு டேபிள் போட்டேன். 'ல'ன்னா 'அ', 'க்கு'ன்னா 'கா', 'ஓட'ன்னா 'டா', 'இருந்து'ன்னா 'டகா'. இந்த டேபிள நம்பி மூணு தடவ அசிங்கப்பட்டுட்டேன்.

ஒண்ணு, மார்க்கெட்டுக்கு போனேன்னு சொல்ல 'நா ஜே கா காஸுவா'ன்னேன், வாட்ச்மேன் சுத்திமுத்தி பாத்துட்டு சிரிச்சாரு. ரெண்டு, சில்லறை இருக்கான்னு ஆட்டோக்காரர் கேட்டாரு, என்கிட்ட காசு இருக்குன்னு சொல்றதா நெனச்சு 'இனா குடி'ன்னேன், அவரு ரெண்டு கையையும் விரிச்சு காமிச்சாரு. மூணாவது தான் கொடுமை. டீக்கடைல சக்கரை இல்லாம வேணும்னு 'ஷாயி பா டா சுகாரி'ன்னு சொன்னா அவரு இன்னும் ஒரு ஸ்பூன் அள்ளிப் போட்டாரு. மூணு நாளா பாயசம் குடிச்சிட்டு இருக்கேன்.

இதுக்கு ஏதாவது ஒரு ரூல் இருக்கா, இல்ல ஒவ்வொண்ணா மனப்பாடம் பண்ணனுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

(தமிழ் எழுத்துல போடறதால சத்தம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். 'கா'ங்கறது காந்தில வர்ற முதல் எழுத்து மாதிரி, 'டா'ங்கறது நம்ம வாடா போடால வர்றது தான். அதனாலயே யார்கிட்ட பேசினாலும் மரியாதை இல்லாம பேசற மாதிரி ஒரு ஃபீலிங்.)


பழைய_கடுனாக்காரன் எழுதுனது:

தம்பி, மொதல்ல அந்த டேபிள கிழிச்சுப் போடுங்க. நானும் அங்க கடுனாங்கற ஊர்ல இருந்தப்ப அதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தேன், ஆறு மாசம் அதுலயே போச்சு.

உங்க மூணு கதைக்கும் காரணம் இருக்கு. காஸுவா கதைல தப்பு என்னன்னா போறது வர்றது மாதிரி வினைங்களுக்கு அங்க 'க்கு'வே தேவையில்ல. 'நா ஜே காஸுவா', 'யா டஃபி கானோ', 'நா கோமா கிடா' அவ்வளவு தான், ஊர் பேரையோ இடத்து பேரையோ அப்படியே பின்னாடி போட்டா 'க்கு' அதுக்குள்ளயே வந்துரும். (கிடான்னா வீடு, ஆட்டுக்கிடா இல்ல, புதுசா படிக்கிறவங்களுக்கு சொல்றேன்.) நீங்க நடுவுல 'கா' போட்டீங்களா, அந்த 'கா'வுக்கு 'இதோ பாரு'ன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. 'கா ருவா'ன்னா இந்தாங்க தண்ணி. 'கா காஸுவா'ன்னா இதோ மார்க்கெட். அந்த வாட்ச்மேன் எங்கடா மார்க்கெட்டுன்னு திரும்பிப் பாத்ததுல தப்பே இல்ல.

ஆனா இதுல ஒரு கண்டிஷன். இடத்துக்குத் தான் நேரா போடலாம், ஆளுக்கு போட முடியாது. டாக்டர்கிட்ட போனேன்னா 'நா ஜே லிக்கிட்டா' தப்பு, 'நா ஜே வுரின் லிக்கிட்டா'ன்னு சொல்லணும். வுரின்னா இடம், டாக்டரோட இடத்துக்கு போனேன். நாமளும் ஆஸ்பத்திரிக்கு போனேன்னு சொல்றோம், டாக்டருக்கு போனேன்னு சொல்றதில்லயே, டாக்டர்கிட்ட போனேன்னு தானே சொல்றோம். அந்த 'கிட்ட' தான் வுரின். கானோல இதையே குரின்னும் சொல்லுவாங்க, வேகமா பேசறப்ப 'குன்'னு சுருங்கிரும், கேட்டு பயந்துராதீங்க.

ரெண்டாவது, 'இனா குடி'. 'இனா டா குடி'ன்னு சொல்லிருக்கணும். ஹௌசால 'என்கிட்ட இருக்கு'ங்கறதுக்குன்னு தனியா வினை கிடையாது, நான் காசோட இருக்கேன்னு தான் சொல்லுவாங்க, அந்த 'ஓட' தான் டா. அத விட்டுட்டா 'காசு எங்க?'ன்னு அர்த்தம் வந்துரும், ஏன்னா 'எங்க'ங்கறதும் 'இனா' தான், ராகம், அதாவது குரலோட ஏத்த இறக்கம், மட்டும் தான் வேற. ஆட்டோக்காரர் உங்கள கொள்ளக்காரன்னு நெனச்சிருப்பாரு. இல்லன்னு சொல்ல 'பா நி டா குடி'.

மூணாவது, டீ. நீங்க 'பா'ங்கற இல்லையையும் 'டா'ங்கற ஓடவையும் சேத்து 'இல்லாம'ன்னு ஒட்டிப் பாத்தீங்க, மூளை நல்லா தான் வேலை செஞ்சிருக்கு, ஆனா 'பா டா'ன்னு சேந்து வந்தா குடுக்கறதுன்னு இன்னொரு அர்த்தம் இருக்கு. அவரு காதுல 'சக்கரை குடு'ன்னு விழுந்திருக்கும். 'இல்லாம'ங்கறதுக்கு முழுசா 'பா டாரே டா சுகாரி பா'ன்னு ரெண்டு பக்கமும் 'பா' போட்டு மூடணும். டீக்கடைல அவ்வளவு இலக்கணம் வேணாம், 'பாபு சுகாரி'ன்னு சொல்லுங்க. பாபுன்னா இல்ல. எங்க ரூம்ல பாபுன்னே ஒருத்தன் இருந்தான், அவன் பேர சொல்லி அறிமுகம் பண்ணா எல்லாரும் 'என்ன இல்ல?'ன்னு கேப்பாங்க.


அகத்தியன்_அரைகுறை எழுதுனது:

மேல அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் நைஜீரியா பக்கம் போனதே இல்ல, மொழியியல் படிச்சப்ப ஹௌசாவும் கொஞ்சம் படிச்சேன், அதனால டீக்கடை அனுபவம் கேக்காதீங்க. ஆனா 'ரூல் இருக்கா'ன்னு கேட்டதுக்கு என்கிட்ட ஒரு பதில் இருக்கு.

ஹௌசால நெஜமான முன்னொட்டுச் சொல் ரொம்ப கம்மி. அ, டா, கா, வா, டகா, டோன், டுன், ஹர், சை, அப்புறம் இன்னும் கொஞ்சம். மேல, கீழ, உள்ள, பின்னாடி, முன்னாடி, பக்கத்துலன்னு நாம சொல்றதெல்லாம் அங்க முன்னொட்டே இல்ல, சாதாரண பெயர்ச்சொல். அதுலயும் பல உடம்பு உறுப்பு.

தலைக்கு அவங்க மொழில 'கை'ன்னு பேரு (ஆமா, நமக்கு கை, அவங்களுக்கு தலை, என்ன பண்றது). அந்த கையோட ஒரு 'ன்' சேத்தா 'கன்', அதுக்கு முன்னாடி 'அ' போட்டா 'அ கன் டேபுர்', டேபிளோட தலைல, அதாவது டேபிள் மேல. வயித்துக்கு 'சிக்கி', அதோட ன் சேத்து 'அ சிக்கின் மோட்டா', காரோட வயித்துல, அதாவது காருக்குள்ள. மொதல்ல படிச்சப்ப காருக்குள்ள சிக்கன் இருக்குன்னு தான் எனக்கு தோணுச்சு. முதுகு 'பாயா', பின்னாடிங்கறது 'பாயன்'. வாய் 'பாக்கி', ஆத்து ஓரம் 'பாக்கின் கோகி', ரோட்டோரம் 'பாக்கின் ஹன்யா'. கை 'ஹன்னு', காசு என் கைல இருக்குன்னா 'குடின் யனா ஹன்னுனா', நாமளும் அதையே தான் சொல்றோம், கைல காசு இருக்கான்னு.

இது விசித்திரமா இருக்குன்னு நெனச்சா நம்ம நன்னூல எடுத்துப் பாருங்க. ஏழாம் வேற்றுமைக்கு இடப்பொருள் உருபுன்னு 28 சொல்லிருக்கு, ஆரம்பமே கண், கால், கடை, இடை, தலை, வாய்னு தான். கண்ணும் காலும் தலையும் வாயும் உறுப்பு தானே. ஊர்க்கண்ணன்னு ஒருத்தர் எழுதுனா ஊர்ல இருக்கறவன்னு அர்த்தம், ஊரோட கண்ணு இல்ல. இன்னைக்கும் வாசல்னு சொல்றோமே, அது வாயில்ல இருந்து வந்தது தான், ஹௌசாக்காரர் கதவு வாசலுக்கு 'பாக்கின் கோஃபா'ன்னு சொல்றாரு, கதவோட வாய். எங்கயோ இருக்கற ரெண்டு மொழி, சம்பந்தமே இல்லாத குடும்பம், ஹௌசா சாடிக் கிளை, அரபி ஹீப்ரு எல்லாம் இருக்கற ஆஃப்ரோஆசியக் குடும்பத்துல வரும். ரெண்டும் இடத்த சொல்ல உடம்பையே தான் தேடிப் போயிருக்கு. எனக்கு இத படிச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, நண்பர்கள் யாருக்கும் இதுல சுவாரசியம் இல்லங்கறது வேற விஷயம்.

இத பெயர்ச்சொல்லா நெனச்சுட்டா பாதி குழப்பம் தீந்துரும். ஏன் 'ன்' வருதுன்னு கேட்டா அது 'உடைய'ங்கற ஒட்டு, வேற ஒண்ணுமில்ல. பெண்பால் பெயரா இருந்தா ன்-க்கு பதிலா 'ர்' வரும், ஊர் நடுவுலங்கறதுக்கு 'ட்ஸக்கியர் கரி'. நான், நீ, அவன் மாதிரி பிரதிப்பெயர் வந்தா நேரா ஒட்டிக்கும், 'பாயன்சா' அவனுக்குப் பின்னாடி, 'கபானா' எனக்கு முன்னாடி. எனக்கும் உனக்கும் நடுவுலன்னா 'ட்ஸக்கானினா டா கை'. இங்க வர்ற கை தலை இல்ல, 'நீ'. மன்னிச்சிருங்க, மொழிய நான் செய்யல.

ஒரு சின்ன விஷயம், சிக்கிங்கறதோட கடைசி உயிர் நீண்டா வயிறு, குறுகினா உள்ள. 'யனா சிக்கி'ன்னு குறுக்கி சொன்னா அவரு உள்ள இருக்காரு. 'டனா டா சிக்கி'ன்னு நீட்டி சொன்னா அந்தம்மா மாசமா இருக்காங்க. அவங்க எழுத்துல இந்த நீட்டமும் ராகமும் போட மாட்டாங்க, காதுல வாங்கித் தான் கத்துக்கணும்.


கணக்குப்புள்ள_கானோ எழுதுனது:

அண்ணே, அகத்தியன் சார், ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. பாயன் பத்தி படிச்ச உடனே ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. போன வாரம் வாட்ச்மேன்கிட்ட ஜெனரேட்டர் எங்க இருக்குன்னு கேட்டவங்களுக்கு வீட்டுக்குப் பின்னாடி இருக்குன்னு சொல்ல 'பாயன் கிடா'ன்னேன், வந்தவரு மூக்க சுளிச்சாரு. அதுல என்ன தப்பு?

அப்புறம் இந்த டா. 'இருக்கு'க்கும் டா, ஓடவுக்கும் டா, கத்தியாலங்கறதுக்கும் டா, 'உம்'முக்கும் டா. காலைல டா சாஃபேன்னு சொல்றாங்க. வேல செஞ்சிட்டு இருந்தா 'சன்னு டா ஐக்கி'ன்னு யாராவது சொல்லிட்டு போறாங்க, எனக்கு யாரோ சன்னுங்கறவன டா போட்டு கூப்புடற மாதிரி இருக்கு. எத்தன டா தான் இருக்கு?

இன்னொண்ணு, அவரு வீட்ல இருக்காருங்கறதுக்கு சில பேர் 'யனா கிடா'ன்னு சொல்றாங்க, அதுல 'அ'வக் காணோம். வீட்ல தங்கினேன்னு சொல்றப்ப மட்டும் 'நா சவுனா அ கிடா'ன்னு அ வருது. ஏன்?


சபோடா_அக்கா எழுதுனது:

பாயன் கிடான்னா கக்கூஸ் தம்பி 😂 வீட்டுக்குப் பின்னாடின்னு தான் நேரடி அர்த்தம், ஆனா அந்த காலத்துல பின்கட்டுல தானே அது இருந்துச்சு, அதனால அதுக்கே அந்த பேர் நின்னுருச்சு. நம்ம ஊர்ல கொல்லைக்கு போயிட்டு வர்றேன்னு சொல்றது எதுக்குன்னு உங்களுக்கு தெரியாதா? அதே கதை தான். ஜெனரேட்டர்னா 'அ பாயன் கிடன்'ன்னு கடைசில ஒரு ன் சேத்து 'அந்த வீட்டுக்கு' பின்னாடின்னு சொல்லுங்க, குழப்பம் குறையும்.

என் பேர பாத்து சிரிக்காதீங்க, நான் கானோ வந்த புதுசுல எதுக்கெடுத்தாலும் 'சபோடா'ன்னு சொல்லிட்டு இருப்பேன், 'காரணமா, அதனால'ன்னு அர்த்தம். சபோடா ருவா, மழைனால. சபோடா நி, எனக்காக, என்னால. பழம் ஞாபகமாவே இருக்கும், அதனால எனக்கு மறக்காத முதல் சொல் அது. பதினஞ்சு வருஷம் இங்க சமையல் பாத்து, பசங்கள வளத்து, கான்டின் குவாரில துணி பேரம் பேசித் தான் கத்துக்கிட்டேன், புத்தகத்துல இல்ல.

டாவ எண்ணாதீங்க, எண்ணினா பயம் வரும். சாப்பாட்டுல இருந்து ஆரம்பிங்க. கம்பு உருண்டையும் தயிரும் கலந்து குடிக்கறது 'ஃபுரா டா நோனோ', கஞ்சியும் பயறு வடையும் 'கோக்கோ டா கோசை', சோறும் காராமணியும் 'ஷின்காஃபா டா வாக்கே'. இந்த டா 'உம்', 'கூட' ரெண்டுக்கும் நடுவுல இருக்கு, தனியா பிரிச்சு பாக்க வேண்டியதில்ல. கறிய கத்தியால வெட்டினான்னா 'யா யன்கா நாமா டா வுக்கா', கத்தியோட வெட்டினான்னு நெனச்சிக்கோங்க, சரியா தான் வரும். காசோட இருக்கேன், அதுவும் கூட தான். அப்புறம் வேகமாங்கறதுக்கு 'டா சவுரி', வேகத்தோட. நெஜமாங்கறதுக்கு 'டா காஸ்கே', சீக்கிரமேங்கறதுக்கு 'டா வுரி'. காலைல 'டா சாஃபே', ராத்திரி 'டா டாரே'. மெதுவாங்கறதுக்கு மட்டும் டா வராது, 'அ ஹன்காலி'. ட்ரைவர்கிட்ட நான் அதிகமா சொன்ன ஒரே வாக்கியம் அது தான்.

'சன்னு டா ஐக்கி' ரொம்ப அழகான பழக்கம். நீங்க என்ன செஞ்சிட்டு இருந்தாலும் அதோட சேத்து ஒரு வணக்கம் சொல்லுவாங்க. வேலை செஞ்சா சன்னு டா ஐக்கி, வெளில இருந்து வந்தா 'சன்னு டா ஸுவா', பண்டிகைக்கு 'பர்கா டா சல்லா'. ஏன் டான்னு யோசிக்காதீங்க, பதிலுக்கு சிரிச்சிட்டு 'யவ்வா, சன்னு'ன்னு சொல்லுங்க.

ஆனா ஒரு டாவ மட்டும் கவனமா பிடிச்சுக்கோங்க. வாங்கினேன் 'நா சாயி மோட்டா', வித்தேன் 'நா சாயர் டா மோட்டா'. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது அந்த 'அர் டா' தான், காரோட வித்தேன்னு அர்த்தம் இல்ல, வினையோட வால் அது. நான் ஒரு தடவ பழைய ஃப்ரிட்ஜ விக்கப் போயி, வாங்கறேன்னு சொல்லிட்டு வந்தேன், மறுநாள் ஒருத்தர் அவரோட ஃப்ரிட்ஜ தள்ளுவண்டில ஏத்திட்டு வீட்டு வாசலுக்கு வந்துட்டாரு. திருப்பி அனுப்ப கால் மணி நேரம் ஆச்சு.

இன்னும் ஒண்ணு, தம்பி கேக்கல, ஆனா கேக்க வேண்டியது. 'க்கு'க்கு கா இல்ல, வா. மூசாகிட்ட சொன்னேன் 'நா கயா வா மூசா'. பசங்களுக்கு சமைச்சேன் 'நா டஃபா வா யாரா அபின்சி'. பேருக்கு முன்னாடி வா, பிரதிப்பெயருக்கு வந்தா அது மாறிடும், எனக்கு மினி, உனக்கு மக்கா, அவருக்கு மஸா, அந்தம்மாவுக்கு மட்டா. பொம்பளகிட்ட பேசறப்ப உனக்குங்கறது மக்கா இல்ல, மிக்கி. நம்ம மொழில 'உனக்கு'க்கு ஆம்பள பொம்பள வித்யாசம் கிடையாது, அதனால நம்மாளுங்க எல்லாரும் இங்க தான் சறுக்குவாங்க, மார்க்கெட்ல அக்காங்கள எல்லாம் மக்கா மக்கான்னு கூப்பிட்டு கன்னியாகுமரி ஆக்கிருவாங்க.

குடுக்கறதுக்கு மட்டும் மினி வராது, 'யா பா நி ருவா', எனக்கு தண்ணி குடுத்தான், நேரா 'நி'. திருட்டுக்கு வரும்! என் போன திருடிட்டாங்கன்னா 'அன் சாச்சே மினி வாயா', எனக்கு திருடினாங்கன்னு சொல்லணும். நான் மொத தடவ 'டகா' போட்டு என்கிட்ட இருந்துன்னு சொல்லப் பாத்தேன், போன் தொலைஞ்ச கோவத்துல இலக்கணம் எங்க வரும்.


பழைய_கடுனாக்காரன் எழுதுனது:

அக்கா பின்னிட்டீங்க.

தம்பி கேட்ட 'அ' விஷயம். 'யனா', 'டனா', 'சுனா'ன்னு 'இருக்கு, நடந்துட்டு இருக்கு'ங்கற வடிவத்துக்குப் பின்னாடி இடம் வந்தா 'அ' பெரும்பாலும் விழுந்துரும். யனா கிடா, சுனா கானோ, லிட்டாஃபி யனா கன் டேபுர். மத்த வினைக்குப் பின்னாடி நிக்கும், நா அஜியே லிட்டாஃபி அ கன் டேபுர், புத்தகத்த டேபிள் மேல வச்சேன். 'யனா அ கிடா'ன்னு சொல்றவங்களையும் கேப்பீங்க, அத திருத்தப் போகாதீங்க, ஊருக்கு ஊர் பேச்சு மாறும்.

'டகா' பத்தி ஒரு எச்சரிக்கை. இருந்துங்கறதுக்கு எல்லா இடத்துலயும் டகா போடாதீங்க. வெளிய வந்தேன் 'நா ஃபிட்டோ டகா கிடா' சரி. டகா கானோ ஸுவா கடுனா, இங்க இருந்து அங்க வரைக்கும், சரி. ஆனா கறிய ஔடுகிட்ட இருந்து வாங்கினேன்னா 'நா சாயி நாமா அ வுரின் ஔடு' இல்லன்னா 'அ ஹன்னுன் ஔடு', அவரு இடத்துல வாங்கினேன், அவரு கைல வாங்கினேன். கைல இருந்து வாங்கினோம்னு நாமளும் தான் சொல்றோம்.

கேள்வி கேக்கறப்ப இந்த சின்ன சொல்ல அனாதையா விட்டுட்டு வந்துராதீங்க, கேள்விச்சொல்லோட சேந்து முன்னாடி வந்துரும். 'டகா இனா கா ஸோ?' எங்க இருந்து வந்தே. 'டா வா கா ஸோ?' யாரோட வந்தே. 'டோன் மே?' எதுக்காக, ஏன். நம்மளதும் அப்படித் தானே, யாரோடன்னு சேத்து தான் வரும், அதனால இது நமக்கு இங்கிலீஷ்காரன விட ஈஸி.

அப்புறம் 'விட'. அவன் என்ன விட உயரம்ங்கறதுக்கு முன்னொட்டு தேடாதீங்க, அதுக்கு வினையே இருக்கு, 'யா ஃபி நி ட்ஸாயி', உயரத்துல என்ன மிஞ்சிட்டான். ஹௌசால 1939ல ஆரம்பிச்ச பத்திரிகைக்கு பேரே 'காஸ்கியா டா ஃபி குவாபோ', உண்மை காசை மிஞ்சும். அந்த நடு 'டா ஃபி'ல வர்ற டா நம்ம டா இல்ல, உண்மைங்கற சொல் பெண்பால், அதனால 'அவள் மிஞ்சினாள்'. டீல வர்ற முதல் சத்தம் அது. தமிழ் எழுத்துல எழுதினா ரெண்டும் ஒண்ணா தெரியும், அதான் வினை.


குறட்டை எழுதுனது:

இவ்வளவு எல்லாம் தேவையா? ஆப்ல தினம் பத்து நிமிஷம் போட்டா தானா வரும். நான் ஸ்பானிஷ் அப்படித் தான் கத்துக்கிட்டேன்.


அகத்தியன்_அரைகுறை எழுதுனது:

ஸ்பானிஷ்ல ராகத்த மாத்தினா 'நான் வச்சிருக்கேன்' 'எங்க?' ஆகாது குறட்டை. இதுல காது தான் முக்கியம். பிபிசி ஹௌசா 1957ல இருந்து ஓடிட்டு இருக்கு, தினமும் செய்தி கேக்கலாம். ஒரு நாள் 'அ' மட்டும் பிடிங்க, எந்த சொல்லுக்கு முன்னாடி வருது, எங்க வரலன்னு. மறுநாள் 'டகா'. அ கன்-ங்கறது 'மேல'ன்னு மட்டும் இல்லாம 'பத்தி'ன்னும் வரும், அரசியல் பத்தி பேசினாங்க 'சுன் யி மகானா அ கன் சியாசா'. செய்தில டேபிள் மேலங்கறத விட இது தான் அதிகமா கேக்கும்.

நேரத்துக்கும் ஒண்ணு சொல்லிடறேன். தொழுகைக்கு அப்புறம் 'பாயன் சல்லா', அதே முதுகு தான், காலத்துக்கும் முதுகு உண்டு. இன்னும் மூணு நாள்லங்கறதுக்கு 'நன் டா குவானா உக்கு'. நாளைக்கு தான் வருவேன்னா 'பா சன் ஸோ பா சை கோபே', நாளைக்கு வரைக்கும் வர மாட்டேன்னு எதிர்மறையா சொல்லுவாங்க. தனியா 'சை கோபே'ன்னு சொன்னா நாளைக்கு பாக்கலாம்.

நோட்டுல முன்னொட்ட தனியா எழுதாதீங்க. 'ஹடு டா' சந்திக்கறது, 'காஜி டா' சலிச்சுப் போறது, 'குலா டா' பாத்துக்கறது, 'மன்ட்டா டா' மறக்கறதுன்னு வினையோட சேத்தே எழுதுங்க. இன்னாருக்காக மறந்தேனா, இன்னாரோட மறந்தேனான்னு ஆராய்ச்சி பண்ணினா மண்ட காஞ்சிரும்.


கணக்குப்புள்ள_கானோ எழுதுனது:

இன்னைக்கு சாயங்காலம் ட்ரை பண்ணேன். டேபிள் இருந்த பக்கத்த கிழிச்சு அதுலயே 'பாபு சுகாரி'ன்னு எழுதி பாக்கெட்ல வச்சிக்கிட்டு போனேன். பெஞ்சுல உக்காந்து ஆட்டோக்காரங்க ரெண்டு பேர் ரொட்டி முக்கிட்டு இருந்தாங்க, மொதல்ல 'சன்னு டா ஐக்கி' சொன்னேன், டீக்காரர் நிமிந்து பாத்தாரு, எட்டு மாசத்துல அவரு என்ன நிமிந்து பாத்தது இன்னைக்கு தான். அப்புறம் 'ஷாயி, பாபு சுகாரி'. வந்துச்சு! சக்கரை இல்லாம! கசப்பா, சூப்பரா.

ஆனா அவரு விடல. 'டோன் மே?'ன்னாரு. அண்ணன் சொல்லிக் குடுத்த அதே டோன் மே, அதனால கேள்வி புரிஞ்சுது. 'சபோடா...'ன்னு ஆரம்பிச்சேன், அக்காவ நெனச்சுக்கிட்டு. அதுக்கு மேல சுகர்ங்கற வியாதிக்கு சொல் தெரியல. 'சபோடா சுகாரி'ன்னு முடிச்சுட்டேன். சக்கரை காரணமா சக்கரை வேணாம். அவரு ஆட்டோக்காரங்கள பாத்தாரு, அவங்க என்ன பாத்தாங்க. என்ன சொல்லிருக்கணும்?


சபோடா_அக்கா எழுதுனது:

'சபோடா சிவோன் சுகாரி'. சிவோன்னா வியாதியோட பேரச் சொல்ல முன்னாடி வர்றது, அதுலயும் அதே 'ன்' ஒட்டு இருக்கு பாருங்க, சிவோ வியாதி, சிவோன் கை தலைவலி, சிவோன் சிக்கி வயித்துவலி. உங்களுக்கு தலையும் வயிறும் ஏற்கனவே தெரியும், ரெண்டு வியாதி இலவசம்.

நெஜமாவே சுகர் இருக்கா தம்பி? அப்படின்னா டீய விட அந்த பெஞ்சுல முக்கி சாப்பிடற ரொட்டி தான் பாத்துக்கணும், இங்க புரோடி நல்லாவே இனிக்கும், பாபு சுகாரின்னு சொன்னாலும் அதுல இருந்து எடுக்க முடியாது. சை கோபே.